மாப்பிள்ளைக்கு உரிக்கத் தாள் இல்லை

டியூட்டி முடிந்தும் வார்டு சிஸ்டருக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. வருடா வருடம் வந்து தொலைக்கும் பயிற்சி. நின்றுபோன இதயத்தை எப்படி ஓட வைப்பது என்று, காலமெல்லாம் அதையே செய்துகொண்டிருப்பவளுக்குச் சொல்லித்தருவார்களாம். தலையெழுத்து!

பயிற்சி அறை மேஜையில் ரப்பர் பொம்மை மல்லாந்து கிடந்தது. நர்சுகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. எத்தனை பேர் விழுந்து விழுந்து கவனித்தாலும் அசைந்து கொடுக்காத ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்?

"சீக்கிரம் முடிங்கக்கா, பஸ் போயிடும்," என்றாள் அதே வார்டின் சின்ன நர்ஸ்.

சிஸ்டர் மாப்பிள்ளையின் நெஞ்சை அழுத்தினாள். ஷாக் கொடுக்கும் மெஷினின், நெஞ்சில் ஒட்டும் இரண்டு பேடையும் எடுத்து டப் டப்பென்று வைத்தாள். ஒட்டி ஒட்டிப் பசையே போய்விட்ட பழைய பேட். நழுவியதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடிட்டே செய்வீங்க போல சிஸ்டர்," என்று சிரித்தார் பயிற்சி டாக்டர். பொய்யில்லை, பாதித் தூக்கத்தில்தான் செய்தாள்.

மறுநாள் காலை, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர் அவளை வம்புக்கு இழுத்தார். "நாளைக்கு வீட்டுக்குப் போறேன் சிஸ்டர். உங்க அதட்டல் இல்லாம எப்படித் தூங்கப்போறேனோ..." பேச்சு பாதியில் நிற்க, கண் செருகிச் சாய்ந்தார். நாடி இல்லை.

சின்ன நர்ஸ் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினாள். சிஸ்டர் புதுப் பாக்கெட்டைக் கிழித்துப் பேட்களை டப் டப்பென்று வைத்தாள். நழுவின. கை தானாக அமுக்கிப் பிடித்தது.

"பேட்களைச் சரிபார்க்கவும்," என்றது மெஷின். ஒயரை ஆட்டினாள். மறுபடியும் அதே பாட்டு. மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். அதே பாட்டு.

"பாழாப்போன மெஷின், நேரம் பாத்துக் கழுத்தறுக்குது!"

சின்ன நர்சிடமிருந்து வேறொரு நர்ஸ் அழுத்தும் வேலையை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் பேடுக்கு அடியில் ஏதோ பளபளத்தது. பசையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள். அவள் உரிக்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு உரிக்கத் தாள் ஏது?

உரித்து ஒட்டினாள். மெஷின் சமர்த்தாக வேலை செய்தது. டிரைவருக்குத்தான் உயிர் திரும்பவில்லை.

வார்டு டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள். அவரும் களைத்திருந்தார். "விடுங்க சிஸ்டர், எப்படியும் பொழச்சிருக்க மாட்டார்." அந்த 'எப்படியும்' அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

வாசலில் டிரைவரின் மனைவி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் விடாம பாத்தீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும்." சிஸ்டருக்குக் கையை உருவிக்கொள்ளத் தைரியம் இல்லை.

அடுத்த பயிற்சிக்கு அவளே முதல் ஆளாகப் போனாள். பிளாஸ்டிக் உறையை வெட்டி, மாப்பிள்ளையின் பேட்களுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினாள்.

"என்ன சிஸ்டர், மாப்பிள்ளைக்கு ரெயின்கோட்டா?" என்றான் ஆண் நர்ஸ் ஒருவன். அறையே சிரித்தது. சிரித்தவனே முதலில் வந்து, உரிக்காமல் வைத்து, நழுவியதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியது.

"உரிக்கல. மறுபடியும் செய்," என்றாள்.

வரிசையில் ஒருவர் விடாமல் செய்ய வைத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் நின்ற சின்ன நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "அக்கா, பஸ் போயிடும்."

சிஸ்டர் புதுத் தாளை வெட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

"போகட்டும்டி. உரி."