அண்ணன் குடிக்கும் தண்ணீர்

தேடப்படுகிறவள் இந்த வீட்டு வரிசையை விட்டு வெகுதூரம் போயிருக்க மாட்டாள். அது ஒன்றுதான் மீனலோசனிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிறந்த தண்ணீரைச் சுற்றியே திரிந்து, அக்கம்பக்கத்து ரத்தத்தையே குடித்து, அங்கேயே சாகிற ஜாதி அவள். கால்களில் வெள்ளை வளையம். பகலில்தான் வேட்டை. சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். அங்க அடையாளம் முழுக்கக் கையில் இருந்தும் ஆள் அகப்படவில்லை. மீனலோசனி முழங்காலை மடக்கி, கஸ்தூரி வீட்டு ஐஸ்பெட்டிக்குப் பின்னால் சொட்டுத் தண்ணீர் சேரும் தட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உலர்ந்து கிடந்தது. போன தடவையும் இதே தட்டைத்தான் இழுத்துப் பார்த்தாள். அப்போதும் உலர்ந்துதான் கிடந்தது.

மலேசியாவின் லாயாங் லாயாங் ஊரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கடன் போட்டு வாங்கிய வரிசை வீடுகள் அவை. ஒரு சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும்; இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த வரிசையில்தான் ஒருவர் மாற்றி ஒருவராக டிங்கிக் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். யார் எந்தக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தாலும் முடிவு மறுநாளே கணினிக்குள் போய்விடும். நாட்டு வரைபடத்தில் இந்தச் சந்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்காரும். அமைச்சு இருக்கிற புத்ராஜெயா, மாநிலத் தலைநகர் ஜொகூர்பாருவைக் கேட்கும். ஜொகூர்பாரு மாவட்ட அலுவலகம் இருக்கிற குளுவாங்கைக் கேட்கும். குளுவாங், சுகாதார அதிகாரி மீனலோசனியைக் கேட்கும். அவள் யாரைக் கேட்பது? பூந்தொட்டியை, பழைய டயரை, கூரைத் தகரத்தை, துணி துவைக்கும் பீப்பாயைக் கேட்டாயிற்று. கூட வேலை பார்க்கும் அஸ்மி, புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்து முழுக்க வெள்ளையடித்தது போல் புகை அடித்தாயிற்று. குற்றவாளி ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டைத் தாண்டிக் கைவரிசையைக் காட்டினாள். கடைசியாகக் கஸ்தூரியின் மகள் லோஷினி. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. இப்போது ஜொகூர்பாருவில், தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு.

கஸ்தூரி மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வாடகைக் காரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, எந்தச் சட்டையை எடுப்பது என்று தெரியாமல் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிச் சீருடையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு அதை வெளியே எடுத்தாள்.

"பப்பாளி எலைச் சாறு குடுத்தேன். நண்டு சூப்பு குடுத்தேன். காய்ச்சல் எறங்குனதும் சரியாப்போச்சுன்னு கோயில்ல தேங்காகூட ஒடச்சிட்டேன். டாக்டர் என்னான்னா, எறங்குன பொறவுதான் ஆபத்துன்றாரு. இத மொதல்லயே சொல்ல ஆள் இல்லயே எனக்கு."

மீனலோசனி அந்தச் சேதியை அச்சடித்த தாளை இந்த வீட்டுக் கதவிலேயே ஒட்டியிருந்தாள். மலாய், ஆங்கிலம், தமிழ். அதைச் சொல்லிக் காட்ட மனம் வரவில்லை.

"குழாய் போடறதுக்கு முந்தி ஒளறிக்கிட்டே இருந்தாம்மா. அண்ணனுக்குத் தண்ணி ஊத்தணும், அண்ணனுக்குத் தண்ணி ஊத்தணும்னு."

"எந்த அண்ணன்?"

"பக்கத்து வீட்டு லோகேசு. பைக்குல அடிபட்டுப் போனானே, கிருஷ்ணம்மாக்கா மவன்." கஸ்தூரி மூக்கைச் சிந்திக்கொண்டாள். பள்ளி விட்டு வந்ததும் லோஷினி அங்கேதான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். செத்தவன் படத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்து, குறைந்ததை இவள்தான் ஊற்றி நிரப்புவாளாம்.

மீனலோசனியின் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

"பழைய தண்ணிய கொட்டிட்டுத்தானே ஊத்துவாங்க?"

"அத எப்படிங்க கொட்டுவாங்க? அவன் குடிச்ச மிச்சமாச்சே."

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு. மீனலோசனி அந்த வீட்டை மறக்கவில்லை. அவள்தான் அதை விட்டு வைத்தவள். முதல் முறை அஸ்மி இயந்திரத்தோடு அந்தக் கதவருகே போனபோது, வேண்டாம் என்று இவள்தான் கையைக் காட்டினாள். உள்ளே பதினாறு நாளும் அணையக்கூடாத விளக்கு எரிந்தது. புகை போனால் அணைந்துவிடும். வீட்டு ஆள் யாரும் சொல்லவில்லை, இவளாகவே சொன்னாள். நம் ஆட்கள் துக்கம் நமக்குத் தெரியாதா என்று அஸ்மிக்கு மலாயில் விளக்கம் வேறு. கருமாதி முடிந்த பிறகு ஒருமுறை உள்ளே போய் குளியலறைத் தொட்டி, பின்கட்டு, குழாயடி எல்லாவற்றிலும் டார்ச் அடித்தாள். போகும்போது கூடத்தில் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டிப் போனாள். கும்பிட்ட கைக்கு நேர் கீழேதான் செம்பு இருந்தது. பதினாறாம் நாளே எடுத்திருக்க வேண்டிய செம்பு ஏன் இன்னும் இருக்கிறது என்றுகூட எண்ணவில்லை. கண் அதைப் பார்த்தது, மூளை அதைத் தண்ணீர்ப் பாத்திரம் என்று எழுதிக்கொள்ளவில்லை.

கிருஷ்ணம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். மகன் போனதிலிருந்து அப்படித்தான். லோகேஸ்வரனுக்குச் சிங்கப்பூரில் கண்டெய்னர் யார்டில் வேலை. சனிக்கிழமை தோறும் பைக்கில் வீட்டுக்கு வருவான். ஹெல்மெட்டைக் கழற்றாமல், நின்ற நிலையிலேயே ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அம்மா என்பான். கடைசிச் சனிக்கிழமை நெடுஞ்சாலையோடு போய்விட்டான். தாகத்தோடு போன பிள்ளை என்ற நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. பதினாறாம் நாள் பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியும் செம்பை எடுக்க அவள் விடவில்லை.

"வாங்கம்மா. புள்ளைக்கு எப்படி இருக்காம்?"

"அப்படியேதான் இருக்குக்கா." மீனலோசனி செருப்பைக் கழற்றினாள். படத்தருகே போனாள். இந்த முறை கும்பிடவில்லை. குனிந்து, செம்பின் வாய்க்குள் டார்ச்சைக் காட்டினாள்.

எவர்சில்வர் செம்பு. அடியில் கறுத்து அழுகிய துளசி இலைகள். மேலே தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. வெளிச்சம் விழுந்ததும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே சிறுசிறு கொக்கிகளாக ஒரு கூட்டம் நெளிந்து, புரண்டு, இருட்டைத் தேடி அடிக்கு ஓடியது. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. விளிம்பில், தண்ணீர் ஏறி இறங்கிய தடத்தில், கரித்தூள் போல முட்டைகள். குறைந்ததை ஊற்ற ஊற்ற அவை நனைந்தன. நனைய நனையப் பொரிந்தன. அத்தனைக்கும் துளசிதான் சாப்பாடு. சாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் காய்ச்சலோடு வந்திருந்தால் போதும். மற்றதையெல்லாம் இந்தக் கூடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாடு முழுவதையும் ஒரு திரையில் காட்டுகிற வரைபடத்துக்கு இந்தச் செம்புக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. எட்டிப் பார்க்க அனுப்பப்பட்டவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"அக்கா, இத கொட்டணும்."

கிருஷ்ணம்மா எழுந்து வந்து செம்புக்கும் இவளுக்கும் நடுவில் நின்றாள். கொட்டாவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்று மீனலோசனி சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவளுக்கே அது அசிங்கமாகப் பட்டது.

"உங்களமாதிரி சிலோன்காரங்க வீட்டுல சாவே விழாதாம்மா? படிச்ச வீட்டுல செத்தவங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

"எங்க அப்பாவுக்கும் வச்சோம்கா."

"அப்ப தெரியும்ல. அர வெரக்கட கொறையுது, ஒவ்வொரு நாளும். யாரு குடிக்கறா? நீங்களே சொல்லுங்க."

வெக்கை குடிக்கிறது என்று மீனலோசனியால் சொல்ல முடியவில்லை. டார்ச்சை மட்டும் அவளிடம் நீட்டினாள். கிருஷ்ணம்மா அதை வாங்கி, செம்புக்குள் அடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். துள்ளி ஓடுகிற அந்த உயிர்களை முதலில் அவள் என்னவாக நினைத்தாளோ, முகத்தில் ஒரு கணம் ஆசைகூடத் தெரிந்தது. பிறகு அது கலைந்தது. டார்ச்சை அணைக்கத் தெரியாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மீனலோசனி ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டு, செம்பைத் தூக்கினாள். கனமாக இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெயிலில் சூடேறியிருந்த சிமெண்டுத் தரையில் சாய்த்தாள்.

"மெதுவா ஊத்துங்கம்மா," என்றது உள்ளேயிருந்து குரல்.

மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் பரவி, சூட்டில் ஓரங்களிலிருந்து சுருங்க, கொக்கிகள் துடித்துத் துடித்து ஒவ்வொன்றாக நின்றன. துளசி இலைகள் தரையோடு ஒட்டிக்கொண்டன. கேட்டுக்கு வெளியே வேனில் சாய்ந்து நின்ற அஸ்மி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். இப்போதுதான் சேதி வந்ததாம். பின் வரிசையில் ஒருவர். அதற்கும் அப்பால், கடைத்தெருப் பக்கம் இன்னொருவர். மீனலோசனி கையிலிருந்த வெறும் செம்பைப் பார்த்தாள். இதிலிருந்து கொட்டியவை இனிப் பிறக்க இருந்தவை. இறக்கை முளைத்தவை எப்போதோ ஜன்னல் வழியே போய்விட்டன; அவற்றைத் திரும்பக் கூப்பிட எந்த அலுவலகத்திலும் வழி இல்லை.

உள்ளே போய்ச் செம்பைக் கொடுத்தாள். கிருஷ்ணம்மா அதை வாங்கி, கைலியின் முனையால் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு... இதுலேருந்துதானா?"

சொல்வதற்கு இலாகா ஒரு வாக்கியம் கொடுத்திருந்தது. எங்கிருந்து தொற்றியது என்று உறுதியாகக் கூற இயலாது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. மீனலோசனி வாயைத் திறந்தாள்.

"தெரியலக்கா."

கிருஷ்ணம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பதிலை நம்பவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் படத்தின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் மாதிரி.

படத்தில் லோகேஸ்வரன் பைக்கின்மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். வாடிய மாலை ஆடவில்லை. நெற்றியில் சந்தனம். அதற்குக் கீழே, இடது கன்னத்தில், கண்ணாடியின்மேல் அது உட்கார்ந்திருந்தது. பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை வளையங்கள் ஒவ்வொன்றும் தெரிய, வயிறு சிவந்து உப்பிப் பறக்கச் சோம்பி உட்கார்ந்திருந்தது. யாருடைய ரத்தமோ.

மீனலோசனியின் கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. ஓர் அடி. அவ்வளவுதான் வேண்டியது.

கிருஷ்ணம்மா கொசுவைப் பார்க்கவில்லை. தன் மகனின் முகத்துக்கு நேரே ஓங்கியிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.