ஆறு இறக்கை விசிறி

வெள்ளியங்கிரி மூன்று மணிக்கு வருகிறார் என்று தகவல். மணி ஒன்றாகிவிட்டது. தேவாலாவுக்கு மேலே எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அந்தத் தேயிலை பேக்டரியில், கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறி மட்டும் சுற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன காலம் அது. கோயம்புத்தூரிலிருந்து வெள்ளியங்கிரி பேக்டரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்த வருவதே பெரிய விஷயம். விசிறி ஓடினால் எடுப்பார்; ஓடாவிட்டால் நடுவட்டம் பக்கம் இன்னொரு பேக்டரி பார்த்து வைத்திருக்கிறார், அங்கே போய்விடுவார்.

அப்படிப் போய்விட்டால் விஜயாவின் குடும்பம் ஆறு மணி பஸ்ஸில் திருப்பூருக்கு. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் சாமானெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ஏழு வயதில் ஒரு மூட்டையோடு கப்பலேறி இலங்கையிலிருந்து வந்தவள் விஜயா. இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை மூட்டை தூக்க மாட்டேன் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஆனால் வீம்பா சோறு போடும்?

அவள் புருஷன் பாலகுமார் அதே பேக்டரியில் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டவன். விசிறிக் கூண்டுக்குள்ளிருந்து கரிமூஞ்சியோடு வெளியே வந்தான்.

"மழையில கூரை மேல மரம் விழுந்துச்சில்ல, அதுல விசிறியச் சுத்தியிருக்கிற இரும்பு வளையம் உள்பக்கமா நசுங்கியிருக்கு. இறக்கை நுனியெல்லாம் போய் இடிக்குது. வளையம் சுவத்துல பதிச்சது, அசையாது. இறக்கைய ஒவ்வொரு விரக்கடை அறுத்தா சுத்தும். எதை வச்சு அறுக்க? கூடலூர் லேத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

"இறக்கை இரும்பா, அலுமினியமா?" என்றாள் விஜயா.

"அலுமினியம்."

"அப்ப என் மிஷின்ல அறுக்கிறேன்."

பாலகுமார் சிரித்தே விட்டான். "அடியே, அது மரம் அறுக்கிறதுடி!"

ஆமாம், மரம் அறுக்கிறதுதான். எஸ்டேட் மூடியதும் மசினகுடி ரிசார்ட்டில் மரக்குடில் கட்டும் வேலைக்குப் போன விஜயா, அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு, திரும்பும்போது மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்த வட்ட ரம்பம். ஜன்னலுக்கு வந்த அலுமினியச் சட்டங்களை அதே மாதிரி ரம்பத்தில் மேஸ்திரி அறுத்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இரும்பென்றால் ஒரு பெரிய கும்பிடு போட்டு விலகியிருப்பாள். இதற்கு மூன்றே சங்கதி: கெட்டிப் பல் வைத்த பிளேடு, எண்ணெய், அவசரப்படாத கை.

மிஷினை எடுத்துவர லயத்துக்கு ஓடினாள்.

ஆறு இறக்கைகளையும் கழற்றினார்கள். காவி தோய்த்த நூலைச் சுண்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விரல் அகலத்துக்கு, அதாவது ஒரு விரக்கடை, உள்ளே தள்ளிச் சிவப்புக்கோடு போட்டாள் விஜயா. இறக்கையை இரண்டு சில்வர் ஓக் பலகைகளுக்கு நடுவே இறுக்கினாள். பாலகுமாரின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியை மார்போடு சேர்த்துக் கட்டினாள். அவளோடு கொழுந்து பறித்த ஆண்டாயி தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைப் பாட்டிலோடு கொண்டுவந்து பிளேடில் தடவினாள்.

"சந்திரனுக்குக் கெளம்பிட்டா பாருங்க!" என்று ஒருத்தி கத்த, வேடிக்கை பார்க்க வந்த லயத்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ரம்பம் அலறியதும் சிரிப்பு நின்றது. அம்மாடி, என்ன சத்தம்! வெள்ளி வெள்ளியாகத் துகள் பறந்து ஹெல்மெட்டில் சடசடத்தது. விஜயா மெல்ல, மெல்லத் தள்ளினாள். டக்கென்று நுனி விழுந்தது. வெட்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"ஏய்!" என்று கத்தினான் பாலகுமார். லயமே கை தட்டியது.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது முடிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஐந்தையும் முடித்து, ஆறாவதையும் இறுக்கி, சிவப்புக்கோட்டைப் பார்த்து ரம்பத்தை இறக்கினாள். நுனி விழுந்தது. பார்த்தால், மூன்று விரக்கடை நீளம்!

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விஜயா பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

புதிதாக ஓட்டும் மிஷினுக்கு ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாகக் குங்குமம் இழுப்பது அந்த லயத்து வழக்கம். கடைசி இறக்கைக்காவது வைப்போம் என்று ஆண்டாயி அதன்மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்திருக்கிறாள். காவிக்கோடும் சேர்ந்து போய்விட்டது. மூன்று விரக்கடை உள்ளே இழுத்த குங்குமக் கோடுதான் மிச்சம்; விஜயா வெட்டியது அதை.

"நான் நல்லதுக்குத்தானே வச்சேன், பாவி மக!" என்று ஆண்டாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் குட்டையா இருந்தா ஆட்டம் கண்டு சுவத்தையே பேத்துரும்," என்றான் பாலகுமார். "முடிஞ்சுது விஜயா. வா, பஸ்ஸுக்குப் போவோம்."

மணி இரண்டே கால். விஜயாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆண்டாயி மேலா, குங்குமத்தின் மேலா என்று தெரியவில்லை. அவள் பார்வை மூலையில் கிடந்த பழைய கொழுந்துத் தராசில் போய் நின்றது. ஒரு தட்டு குறைந்தால் என்ன செய்வோம்? மறு தட்டையும் குறைப்போம்!

"இன்னொண்ணையும் இதே அளவு வெட்டுறேன். ரெண்டையும் எதிரும் புதிருமா மாட்டுங்க."

"நல்லா இருக்கிறதையுமா?" என்றான் பாலகுமார்.

"நல்லா இருக்கிறதைத்தான்."

நல்ல இறக்கை ஒன்றில் அவளே கோடு போட்டாள், அவளே வெட்டினாள். இரண்டையும் தராசின் இரு பக்கமும் தொங்கவிட்டார்கள். முள் கொஞ்சம் சாய்ந்தது. அரம் போட்டுத் தேய்த்தாள். முள் நடுவில் நின்றது.

கடைசி போல்ட்டை முறுக்கும்போது வாசலில் ஜீப் சத்தம். வெள்ளியங்கிரி நேராக விசிறிக்குத்தான் வந்தார்.

"போடுங்க பார்க்கலாம்."

பாலகுமார் சுவிட்சைத் தட்டினான். விசிறி முனகியது, அசைந்தது, பிறகு பிடித்தது பாருங்கள் ஒரு வேகம்! ஓட்டிக் காட்டுவதற்கென்று காலையில் பறித்துத் தொட்டியில் பரப்பியிருந்த பச்சைக் கொழுந்து முழுக்கச் சிலுசிலுத்தது. வெள்ளியங்கிரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடுக்கமே இல்லை.

"ஏனுங்க, எறக்கை ரெண்டு குட்டையாட்ட இருக்குதுங்களே?"

"நான்தாங்க வெட்டுனேன்," என்றாள் விஜயா. "மரம் அறுக்கிற மிஷின்ல."

அவர் அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். "காத்து கொஞ்சம் கம்மிதானுங்க. பரவால்லீங்க, வளையத்தை மாத்திக்கலாம். திங்கக்கெழமை கொழுந்து எடுக்கச் சொல்லிருங்க. நீங்களும் மிஷினைத் தூக்கிட்டு வந்துருங்க, இங்க வெட்டற வேலை நெறைய கெடக்குது."

பெண்கள் போட்ட கூச்சலில் விசிறிச் சத்தமே கேட்கவில்லை. ஆண்டாயி ஓடிவந்து மிச்சக் குங்குமத்தையெல்லாம் விஜயாவின் நெற்றியில் அப்பினாள். விஜயா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க நிக்கிறீங்க? ஓடிப்போய் மூட்டையைப் பிரிங்க. ராத்திரி சோறாக்க அரிசி அதுக்குள்ளதான் இருக்கு."