சின்னையாவின் மட்டை

பேஸ்பாலைப் பற்றி எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஜப்பானிய மொழி வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்த ஒரே பாவத்துக்காக, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே யார்டில் கணக்கெழுதும் கிராணியான என்னைப் பிடித்து மேனேஜராக்கிவிட்டார், எங்கள் ஊரைப் பிடித்துவைத்திருந்த ஜப்பானிய ராணுவத்தின் கேப்டன் மொரிதா. அவருடைய சிப்பாய்களோடு விளையாட ஓர் அணி வேண்டுமாம்.

"நன்றாக விளையாடினால் உன் ஒன்பது பேரும் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை சயாம் ரயில்" என்றார்.

சயாம் காட்டில் தண்டவாளம் போடப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவனையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. கிராணிமாரை அனுப்ப மாட்டார்கள் என்பது என் நினைப்பு. ஆனால் அந்த ஒன்பது பேர்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே, மரவள்ளிக்கிழங்குதான், அதுவும் இறங்கவில்லை.

எட்டுப் பேர் ஒருவழியாகத் தேறிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் சின்னையாதான் என் உயிரை வாங்கினான். என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அடித்தால் பந்து வேலிக்கு அப்பால் போய் விழும். ஆனால் துரைமாரின் கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கை அது. பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். இவன் தூக்கிக்கொண்டே ஓடுவான்.

"மட்டையப் போடுடான்னா!"

"போட்டுட்டேன்னுதான் நெனைக்கிறேன் கிராணி. பார்த்தா கையில இருக்கு லா."

ஞாயிற்றுக்கிழமை திடலில் ஆட்டம். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோட்டோரமாக நடந்து நடந்து புல் தேய்ந்தது. கடைசிச் சுற்றில் ஒரே ஓட்டம் பின்தங்கியிருந்தோம். சின்னையா அடித்தான். அடித்த வேகத்தில், மட்டையை ஓங்கிப் பிடித்தபடி, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நின்ற ஜப்பானிய சார்ஜெண்டை நோக்கி ஓடினான். சார்ஜெண்ட் அரண்டு பின்வாங்கினான். காவல்காரன் துப்பாக்கியை உயர்த்திக் குறிவைத்தான்.

நான் எப்படி ஓடினேனோ தெரியாது. குறுக்கே பாய்ந்து, மட்டையைப் பிடுங்கி எறிந்து, சின்னையாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். அவர்கள் தண்டிப்பதற்குள் நான் தண்டித்துவிட்டால் உயிராவது மிஞ்சும் என்று மட்டுமே தோன்றியது. துப்பாக்கி தாழ்ந்தது. சின்னையா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

கேப்டன் மொரிதா கைதட்டிக்கொண்டே வந்தார். ஒன்பது பேரும் இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"ஆட்களை அடக்கத் தெரிந்தவன் நீ. நாளை நானூறு பேர் சயாமுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நீதான் மேனேஜர்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சொன்னாரு கிராணி?" என்றான் சின்னையா, வீங்கிய வாயோடு.

"நீங்க ஒம்பது பேரும் இங்கதான் இருக்கப் போறீங்க."

"அப்ப நீங்க?"

நான் மட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"அடுத்த தடவ இதக் கீழ போட்டுட்டு ஓடுடா. அறையிறதுக்கு நான் இருக்க மாட்டேன்."