டெம்பி வாங்காத அடி

கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லும் கதையில்லை இது. எங்கள் செயின்ட் லூயிஸ் ஊரில் கோர்ட்டுக்குப் போய் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட டெம்பியின் கதையைச் சொல்லப்போகிறேன்.

அவளுடைய எசமானர் கெட்சம், அவள் மகள் வைனியைத் தெற்கே அனுப்பி விற்றுவிடப்போகிறார் என்று சமையலறையில் பேச்சு அடிபட்டது. வைனிக்கு வயது பதினான்கு. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி என்பதுதான் சட்டம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தான் விடுதலையானால் மகளும் விடுதலை என்று டெம்பி நினைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரிடம் போய்க் கேட்பாள்?

அவள் பக்கம் நியாயம் இருந்தது. முன்பொரு காலம் கெட்சம் அவளை ஆற்றுக்கு அக்கரையில், இலினாய் மண்ணில், ஒரு பண்ணையில் பதினோரு மாதம் வேலைக்கு விட்டிருந்தார். அங்கே அடிமைமுறை கிடையாது; எசமானரே கொண்டுபோய்க் குடிவைத்தால் அவள் அடிமையில்லை என்பது சட்டம்.

அதைச் சொல்லி விடுதலை கேட்டு டெம்பி கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட் அமர்த்திக் கொடுத்த வக்கீல் டில்லர்ட் மனுவை வாசித்தார். ஏப்ரல் மூன்றாம் தேதி கெட்சம் இவளைத் தடியால் அடித்து அடைத்துவைத்தார் என்றது அது.

"ஐயா, அன்னைக்கு அவரு அடிக்கலீங்க. அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"எல்லா மனுவுலயும் எழுதுற வரிதான் இது, டெம்பி. அடிமையை அடிச்சா கேள்வி கிடையாது. சுதந்திர மனுஷியை அடிச்சாத்தான் வழக்கு. அப்பதான் நீ அடிமையா இல்லையான்னு கோர்ட் பாக்கும். குறியைப் போடு."

பெருக்கல் குறி ஒன்று போட்டாள்.

வழக்கு முடியும்வரை அவளைச் சிறையில் வைத்தார்கள். பகலில் சிறையைப் பார்த்துக்கொள்ளும் ஷெரீப் யார் வீட்டுக்காவது துணி வெளுக்க வாடகைக்கு அனுப்புவார். சிறையில் தன் விடுதலை வழக்குக்காகக் காத்திருந்த சூக்கி என்பவள், மனுவில் எழுதிய அடியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள்.

"வாங்குன அடியெல்லாம் எழுதுனா காகிதம் பத்துமாடி? அதான் வாங்காததை எழுதியிருக்காங்க."

டெம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒன்றரை வருடம் மற்றவர்கள் துணியைப் பிழிந்தாள். வழக்கு முடியட்டும் என்று கெட்சம் வைனியை விற்காமல் வைத்திருந்தார்.

விசாரணையன்று அக்கரைப் பண்ணைக்காரர் வந்து, ஆமாம், பதினோரு மாதம் இருந்தாள் என்றார். தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் பன்னிரண்டு பேர் உள்ளே போய்ப் பேசி வெளியே வந்தார்கள். விடுதலை.

"போயிட்டு வா, டெம்பி. நீ இப்ப சுதந்திர மனுஷி" என்றார் டில்லர்ட்.

"வைனியும்தானே ஐயா?"

"அவ எப்ப பொறந்தா?"

"அக்கரைக்குப் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"உன்கூட வந்தாளா?"

"இல்லீங்க. நான் திரும்பி வரணும்னு எசமான் அவளை இங்கயே வெச்சுக்கிட்டாரு."

வக்கீல் சட்டத்தை விளக்கிச் சொன்னார். பிள்ளை பிறந்த நாளில் தாய் என்னவாக இருந்தாளோ, அதுதான் கணக்கு. வைனி பிறந்தபோது டெம்பி அடிமை. வைனியின் கால் அக்கரையில் படவும் இல்லை. அவளுக்கு வழக்கே கிடையாது.

டெம்பிக்கு அக்கரைப் பண்ணையின் சோளக்கொல்லை நினைவுக்கு வந்தது. மார் கட்டிக்கொண்டு வலிக்கும்; வரப்போரம் குந்தி பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவாள். அவளை விடுதலை செய்தது அந்த மண்தான்.

நேராகக் கெட்சம் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

"வாங்க மகாராணி! ஏப்ரல் மூணாம் தேதி உன்னை அடிச்சேனாமே? நல்லா வலிச்சுதா?" என்றார் அவர்.

"பிள்ளைய விக்காதீங்க ஐயா. நான் துணி வெளுக்குறேன். கூலி வேணாம்."

"நீ தினமும் வந்து வெளுக்குற வரைக்கும் விக்க மாட்டேன். ஒரு நாள் வரலேன்னாலும் மறுநாள் அவ தெற்கே போற கப்பல்ல இருப்பா."

கொல்லையில் வைனி தனியாக ஒரு விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! ஜெயிச்சிட்டியாமே? விடுதலையா?"

"ஆமா."

"அப்ப எங்க போகப்போற?"

"அந்த முனையை இப்படிக் குடு" என்றாள் டெம்பி. அவள் ஒரு பக்கம் முறுக்கினாள்; மகள் மறுபக்கம் முறுக்கினாள். நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. கோர்ட் கொடுத்த விடுதலைப் பத்திரம் ரவிக்கைக்குள் நனைந்தது. அதை எடுத்து, விரிப்புக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போட்டாள்.

அவ்வளவுதான், கண்மணிகளே. உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே தூங்கி விழிக்கட்டும். உங்கள் கொடியில் காய்கிற துணியெல்லாம் உங்கள் துணியாகவே இருக்கட்டும்.