குட்டிகளுக்குச் செம்மண்

விடியுமுன்பே குட்டி ஈன்ற பன்றிகளின் கொட்டகையில் அவள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. மழை பிடித்ததிலிருந்து பன்றிகளை வெளியே விடுவதில்லை. ஆட்கள்தான் சேற்றுக் காலோடு வந்து போகிறார்கள். ஆனாலும் அந்தச் சிமெண்டுத் தரையில் ஒரு பொட்டு மண்ணைக் காட்டுங்கள் பார்ப்போம்! முகம் தெரியக் கழுவுகிறாள் என்பதால் பண்ணையில் அவளுக்குக் 'கண்ணாடி' என்றே பெயர்.

அந்தப் பளபளப்பில்தான் குட்டிகள் காது வெளிறி, மூச்சு வாங்கிக் கிடந்தன. இரண்டு செத்தே போயிருந்தன.

முதலாளி மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றார்.

"குடியைக் கெடுத்திட்டியே! உன்னை நம்பி விட்டது என் தப்பு. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

அவளுக்குப் பண்ணை கொடுத்த அந்த ஒற்றை அறைதான் வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை இந்த மழையில் எங்கே கொண்டுபோய்க் கிடத்துவாள்?

"நான் ஒரு குறையும் வைக்கலையே ஐயா!"

தீவனம் கலந்துகொண்டிருந்த அவள் கொழுந்தன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"குறை உங்க மேல இல்ல அண்ணி. பொறந்த குட்டிக்குப் போடுற இரும்புச்சத்து ஊசியை இவரு நிறுத்திட்டாரு. தாய்க்குத் தாது உப்பும் கிடையாது. செம்மண்ணுல அந்தச் சத்து இருக்கு. வெயில் காலத்துல குட்டிங்க மண்ணைக் கிளறித் தின்னு தேறிக்கும். இப்ப அதுக்கும் வழியில்ல."

"ஐயோ பாவி, ஆளுங்க கால்ல ஒட்டி வந்த மண்ணையும் நான்தானே கழுவித் தள்ளினேன்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கொழுந்தனை முறைத்தாள். "இதை முன்னாடியே சொன்னா உன் வாய்முத்து உதிர்ந்திடுமா?"

"வேலை போயிடும்னு பயந்தேன் அண்ணி."

"வேணும்னுதான் நிறுத்தினேன்," என்று முதலாளி சீறினார். "விக்கிற விலைக்குக் கட்டுப்படியாகணும்ல?"

"மிச்சம் பிடிக்கிறது நீங்க, பழி எனக்கா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். நோய் ஒட்டக்கூடாதென்று பன்றி கால் வைக்காத மேட்டில் செம்மண்ணை வெட்டி வந்து ஒரு மூலையில் கொட்டினாள். தெம்பிருந்த குட்டிகள் மூக்கை நுழைத்துக் கிளறின.

"கொட்டினவ இப்பவே வெளியே போகணும்!" முதலாளி கத்தினார்.

அதற்குள் பன்றி குளிப்பாட்டுகிறவர்கள், சாணம் அள்ளுகிறவர்கள் எல்லாரும் அவள் மண் சுமப்பதைப் பார்த்து மண் கூடையோடு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் தன் கூடையை முதலாளியின் காலடியிலேயே கவிழ்த்தாள்.

"நாங்களும்தான் கொட்டுறோம். எல்லாரையும் அனுப்பிடுங்க."

கொழுந்தன் முன்னால் வந்தான். "மண்ணு மட்டும் போதாது ஐயா. ஊசி வரணும், தாது உப்பு வரணும், அண்ணி அதே ரூம்லதான் இருக்கணும். பன்றிங்களைப் பட்டினி போட மாட்டோம். ஆனா சந்தைக்குப் போற லாரியில ஒண்ணைக்கூட ஏத்த மாட்டோம்."

"லாரி வந்தா தெரியும் உங்க வீராப்பு!"

வெளியே லாரி ஹாரன் அலறியது. முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிலர் கேட்டைத் திரும்பிப் பார்த்தது உண்மைதான். கண்ணாடி மூத்தவளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் மறுபடி அலறியது. கேட்டைத் திறக்க யாரும் போகவில்லை.