கயிறு அறுந்த கதை

கணவரின் உடலுக்குப் போட்ட சட்டையில் மூன்றாவது பொத்தானை அவள் மாட்டிக்கொண்டிருந்தபோது, மீன்பிடித் துறைமுகத்தில் மைக் சோதிக்கும் சத்தம் வீடுவரை கேட்டது. சாயங்காலம் அங்கே விழா. துறைமுகத்து மக்களின் பழைய கதைகளையும் பாட்டுகளையும் மேடையேற்றுகிறார்கள். விசைப்படகு டிரைவராக இருந்த அவரும் ஒரு கதை சொல்லிப் பதிவு செய்து கொடுத்திருந்தார். இன்று விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், டாக்டர் வருவதற்குள் போய்விட்டார்.

கதைகளைத் தொகுக்கும் பெண், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். ஐயா பேசினத இன்னைக்குப் போடலாமா? ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க."

"என் தம்பி போன கதைதானே? எனக்குத் தெரியாததா?"

முப்பது வருஷமாகத் தெரிந்த கதை. புயலில் வலை கடலடிப் பாறையில் மாட்டி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலையை விடுவிக்கத் தண்ணீரில் குதித்த தம்பி, முடியாமல் வலைக்கயிற்றைப் பிடித்து ஏறி வரும்போது கயிறு அறுந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் கரை சேர்ந்தார்கள். "கயிறு அறுந்துபோச்சு" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் துருவிக் கேட்டதில்லை.

அடுப்படிக்குப் போய் அந்தப் பெண்ணின் போனைக் காதில் வைத்தாள். முதலில் அவருடைய இருமல். பிறகு குரல்.

"அறுந்துபோச்சுன்னுதான் ஊருக்குச் சொன்னோம். அறுந்து போகலம்மா. நான்தான் அறுத்தேன். இன்னொரு அலை அடிச்சா படகே கவுந்துரும். கத்தி என் கையில இருந்துச்சு. அவன் பாத்துக்கிட்டேதான் இருந்தான். மாமான்னு கூப்பிட்டான்… வீட்டுல இதச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் போனோடு பின்வாசலுக்கு வந்தாள். அங்கே நெட்டையன் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். கரை சேர்ந்த ஐவரில் ஒருவன். காலையிலிருந்து எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவன்.

"அறுந்துச்சா, அறுத்தாரா?"

அவன் போனைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"எங்க எல்லாருக்கும் தெரியும் அண்ணி."

"இத்தன வருஷம் என் கையால வாங்கிச் சாப்பிட்டியேடா."



பின்னாலேயே வந்திருந்த தொகுக்கும் பெண் மெல்லச் சொன்னாள்: "வேண்டாம்னா அழிச்சுடறேம்மா."

"எதுக்கு அழிக்கணும்? என்கிட்டதான் சொல்லல. ஊர்கிட்டயாவது சொல்லிட்டுப் போகட்டும். போடு."

முன்னறைக்கு வந்தாள். அவருடைய தலைமாட்டில் பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். யாரோ கையை நீட்டிக் கூப்பிட்டார்கள்.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வாசலில், துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள்.