ஒரு குடும்பத்தின் விசேட கருத்துக்காக

வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கறியோடு மல்லுக்கட்டிய சைவச் சனமெல்லாம் சனிக்கிழமை விடிந்ததும் குருநகர் மீன் சந்தைக்கு ஓடிவரும். உத்தியோகத்தர்மார் சைக்கிள் கைபிடியில் பனையோலையில் பின்னிய உமல் பையைக் கொழுவிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அவர்கள் சந்தைக்குள் காலடி வைக்க முன்பே ஒரு குரல் அவர்களைப் பிடித்துக்கொள்ளும்.

“பூவைப் பிரிச்சுப் பாருங்கோ! பாத்துப்போட்டு வாங்குங்கோ! லூர்த்தம்மான்ரை மீனிலை ஒளிப்பு மறைப்பு இல்லை!”

மீனின் செவுளைத்தான் அங்கே பூ என்பார்கள். அது இரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன், வெளிறிக் கிடந்தால் பழசு. மற்ற மீன்காரிகள் ஆட்கள் கேட்டால்தான் பூவைக் காட்டுவார்கள். லூர்த்தம்மா கேட்க முன்பே பிரித்து மூக்குக்கு நேரே நீட்டிவிடுவாள். பழசாக ஒன்று அகப்பட்டால் “இது நேற்றையான்” என்று தானே சொல்லி வேறாக எறிவாள். கோயில் மணி பழுதானால் லூர்த்தம்மாவை மேலே ஏற்றிவிடலாம் என்று சந்தையில் ஒரு பகிடி உண்டு. அதைச் சொல்லி முதலில் சிரிப்பதும் அவள்தான்.

அப்படிப்பட்ட வாய்க்காரி, தன் மார்பில் இருந்த கட்டியைப் பற்றி மார்கழி மாத நத்தார்ப் பெருநாளில் இருந்து ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் மேற்பக்கத்தில், புளியங்கொட்டை அளவில். நோகவில்லை. நோகாதது நோயாகுமா என்று எண்ணிக்கொண்டாள். நம் பெண்களில் எத்தனை பேரை இந்த எண்ணம் ஏமாற்றியிருக்கிறது! மீன்கூடை தூக்குகிற உடம்பு, சதை பிடித்திருக்கும் என்று கோடாலித் தைலம் பூசினாள். தவக்காலம் தொடங்கியபோது கட்டிக்கு மேலே தோல் குழிந்திருப்பதைக் கண்டாள். அன்றுதான் பயம் பிடித்தது. மகள் றோஸிடம் மட்டும் சொன்னாள். றோஸ் உடனே சேலையை மாற்றிக்கொண்டு தாயைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் அவளை எதிரே இருத்தி வைத்து நேராகச் சொன்னார்.

“அம்மா, இது மார்பிலை வந்த புற்றுநோய். அந்த மார்பை எடுக்கவேணும். வேறை இடத்துக்குப் பரவினமாதிரித் தெரியேல்லை. ஆனா இனிப் பிந்தக்கூடாது.”

“செத்துப்போவனோ, டொக்டர்?”

“நீங்கள் வராமல் விட்டிருந்தா நான் பயந்திருப்பன். வந்திட்டியள்தானே.”

அந்த மறுமொழி லூர்த்தம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது. பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது. டொக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒப்பரேசனுக்கு இரத்தம் வேண்டும், இரத்த வங்கியில் கையிருப்புக் குறைவு, ஆகவே இரத்தம் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர் சிலரைக் கூட்டிவர வேண்டும். யாருடைய இரத்தமானாலும் சரி, அதை அவர்கள் சேர்த்து வைத்துக்கொண்டு, அவளுக்குப் பொருந்துவதை எடுத்து ஏற்றுவார்கள்.

வீட்டில் புருஷன் சூசைப்பிள்ளை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் ஊசியும் நூலும் கையிலேயே நின்றுவிட்டன. அவருக்குக் கடலோடு கதைக்கத் தெரியும், மனிசரோடு கதைக்க வராது. அவருக்கும் சேர்த்துக் கதைப்பது தமக்கை திரேசம்மாதான். றோஸுக்குப் பாசையூரில் சம்பந்தம் பேசி முற்றாக்கியவளும் அவளே. மாப்பிள்ளை அமலதாஸ் நல்ல பொடியன், சொந்த வள்ளம் உள்ளவன். ஈஸ்டர் முடியக் கலியாணம். கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்பார்களே, அதுதான்.

திரேசம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

“இஞ்சை பார் லூர்த்து, மூச்சுக் காட்டாதை. தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமெண்டு சொல்லி, பாசையூரார் கலியாணத்தைக் குழப்பிப்போடுவினம். முதல் கலியாணம். பேந்து ஒப்பரேசன்.”

“பிந்தக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர், மச்சாள்.”

“டொக்டருக்குக் குமர்ப்பிள்ளை இருக்கோ? ரத்தம் கேட்டு நீ வீடு வீடாத் திரிஞ்சா ஊரெல்லோ கேக்கும், ஆருக்கு, என்னத்துக்கெண்டு? சூசைக்குச் செங்கமாரி வந்து மஞ்சளாக் கிடந்த உடம்பு, அவன்ரை ரத்தம் எடுக்கமாட்டினம். பேசாமல் இரு. நான் சுவாமியிட்டைச் சொல்லி ஒரு பூசை ஒப்புக்குடுக்கிறன்.”

“அம்மா இல்லாமல் எனக்கென்ன கலியாணம், மாமி?” என்று றோஸ் இடையில் புகுந்தாள்.

“பெரியாக்கள் கதைக்கேக்குள்ளை நீ வாயை மூடு!”

லூர்த்தம்மா மகளைப் பார்த்தாள். மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைக் காண வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அந்த ஆசைக்கு முன்னால் டொக்டரின் சொல் சிறிதாகிவிட்டது. “சரி மச்சாள்” என்றாள். சந்தையையே அதிரவைக்கும் குரல் அன்று அடுப்படிக்குக்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை தொடங்கும்போது சுவாமியார் வாசித்தார்: “இன்றைய பூசை ஒரு குடும்பத்தின் விசேட கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.” எந்தக் குடும்பம், என்ன கருத்து, அதாவது என்ன வேண்டுதல் என்று சொல்லப்படவில்லை. சொல்லக் கூசுகிற எல்லாவற்றையும் நம் சனம் இந்த ஒரு வசனத்துக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறது. பூசை முடிவில் றோஸினதும் அமலதாஸினதும் ஓலை இரண்டாம் தரம் வாசிக்கப்பட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பெயர் இல்லாத கருத்துக்குப் பெயர் வைப்பதுதான் குருநகரில் ஞாயிறு மத்தியானப் பொழுதுபோக்கு. திரேசம்மா சுவாமியாரின் அறைவீட்டுக்குப் போனதை ஒருத்தி கண்டிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுப் பக்கம் றோஸ் நின்றதை இன்னொருத்தி கண்டிருந்தாள். றோஸ் தாயோடு போனவள் என்பது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டு, றோஸின் வயிற்றில் ஏதோ என்று ஆக்கி, பின்னேரத்துக்குள் கதை பாசையூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலை மாப்பிள்ளையின் தாய் பிலோமினம்மா சந்தைக்கு வந்தாள். கையில் உமல் இல்லை. பாரை மீன் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்த லூர்த்தம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மீன் வாங்க வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். றோஸை என்னத்துக்குப் பொம்பிளையளின்ரை வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்? சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. தடையிருந்தாச் சொல்லச் சொல்லித்தானே ஓலை வாசிக்கினம்? எனக்குப் பின்னாலை நிண்டு கதைக்கத் தெரியாது. அதுதான் நேரை வந்தனான்.”

லூர்த்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளையின் நல்வாழ்வுக்காக என்று தன் உயிரைப் பணயம் வைத்து மூடி வைத்தாளே, அந்த மூடலே பிள்ளையின் மேல் பழியாக விழுந்து கிடக்கிறது! ஊராரின் மீனுக்கெல்லாம் பூவைப் பிரித்துக் காட்டியவள், தன் சங்கதியை மூடி வைத்தாள். அதன் பலன் இது. கத்தியைப் பலகையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“என்ரை பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை!”

சந்தை திரும்பிப் பார்த்தது.

“எல்லாரும் கேளுங்கோ! ஆஸ்பத்திரிக்குப் போனது நான். றோஸ் எனக்குத் துணைக்கு வந்தவள். எனக்கு மார்பிலை புற்றுநோய். வெட்டி எடுக்கப்போகினம். கோயிலிலை வாசிச்ச விசேட கருத்தும் நான்தான்! இனி ஆரும் ஒண்டும் கட்டிக் கதைக்கத் தேவையில்லை. எனக்கு ரத்தம் வேணும். தர விருப்பமானவை வரலாம். ரத்தம் குடுத்தா வலை இழுக்கேலாது எண்டு பயப்பிடுற வீரர்மார் வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்!”

பிலோமினம்மாவின் முகம் ஏதோ போலாகிவிட்டது. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

திரேசம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “கெடுத்துப்போட்டியே லூர்த்து! பிள்ளையின்ரை வாழ்வைக் கெடுத்துப்போட்டியே!”

“கலியாணம் நிண்டா நிக்கட்டும் மச்சாள். பொய்யைச் சொல்லிக் கட்டிக்குடுத்தா நாளைக்கு அந்தப் பொய்யோடை என்ரை பிள்ளைதானே குடும்பம் நடத்தவேணும்? நான் உயிரோடை இருந்தா வேறை மாப்பிள்ளை பாக்கலாம்.”

பயம் பிடித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒப்பரேசனுக்குத் திகதி வாங்கினாள். வரும் திங்கட்கிழமை, அதற்கு முன்பே வந்து வாட்டில் படுக்க வேண்டும் என்றார்கள்.

“டொக்டர், மகளின்ரை கலியாணம் நடந்தா, நான் எழும்பி நிப்பனோ?”

“நிப்பியள். ஆனா கொஞ்சக் காலத்துக்கு மீன்கூடை தூக்கேலாது. கையை மெல்ல மெல்ல உயர்த்திப் பழக்கவேணும், தாதிமார் சொல்லித் தருவினம். பேந்து தேவையெண்டா மருந்தும் எடுக்கவேணும்.”

“கூடையை அவர் தூக்கட்டும். விக்கிறதுக்கு என்ரை வாய் இருக்குத்தானே” என்றாள்.

இரத்தம் எடுக்கும் நாள் வந்தது. யார் வருவார்களோ, வரமாட்டார்களோ என்ற யோசனையோடுதான் லூர்த்தம்மா வாட்டில் இருந்து இறங்கிப் போனாள். இரத்த வங்கி வாசலில் உப்புக்காற்றில் கறுத்த ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சந்தையில் அவளோடு விலைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள், அவள் பகிடி பண்ணிய வீரர்மார், எல்லோரும் நின்றார்கள். வரிசைக்கு முன்னால் நின்றவன் அமலதாஸ். பக்கத்தில் பிலோமினம்மா.

“எடுத்தாச்சு, மாமி. நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமெண்டு சொல்லிப்போட்டினம்” என்று அவன் பஞ்சு வைத்த கையைக் காட்டிச் சிரித்தான்.

லூர்த்தம்மாவுக்குக் கண் நிறைந்தது. அழுவது அவளுக்குப் பழக்கமில்லை, ஆனாலும் அழுதாள். பிலோமினம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்டைக்கு நான் மறுமொழி சொல்லாமல் போனதுக்குக் குறை நினையாதேங்கோ. என்ரை அக்காவும் உந்தப் புற்றுநோய் வருத்தத்திலைதான் போனவ. வெக்கத்திலை ஒருத்தருக்கும் காட்டேல்லை, எங்களுக்குத் தெரியவரேக்குள்ளை எல்லாம் பிந்திப்போச்சு. அதுக்குப் பிறகும் நாங்கள் ஊருக்கு வயித்துக்குத்து எண்டுதான் சொன்னனாங்கள். நீங்கள் சந்தையிலை சத்தம் போடேக்குள்ளை, அக்கா உப்பிடி ஒருக்காச் சத்தம் போட்டிருந்தா எண்டு நினைச்சன். எனக்கு வாய் எழும்பேல்லை.”

“அப்ப கலியாணம்…”

“ஏன், என்ன கலியாணத்துக்கு? எங்கடை வீட்டிலையும் இருந்த வருத்தம்தானே. ஆர் ஆரைக் குறை சொல்லுறது?”

ஞாயிறு காலை திரேசம்மா தலையில் போட்ட முக்காட்டோடு கோயிலில் இருந்து நேரே வாட்டுக்கு வந்தாள். வந்தவள் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

“இண்டைக்கும் உனக்குத்தான் பூசை, லூர்த்து. ஆனா சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன். சூசைப்பிள்ளையின்ரை பெஞ்சாதி லூர்த்தம்மா, மார்பிலை வந்த புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்யப்போறா, அவவுக்காக எண்டு பேரோடையும் வருத்தத்தோடையும் வாசிக்கச் சொன்னனான். அப்பிடியே வாசிச்சார். அதுக்குப் பிறகு மூண்டாம் ஓலையும் வாசிச்சாச்சு.”

“சனம் என்ன சொன்னது?”

“என்ன சொல்லுறது? பூசை முடியப் பொம்பிளையளெல்லாம் என்னைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டினம். கட்டி எப்பிடி இருக்கும், எங்கை காட்டவேணும் எண்டு ஒரே கேள்வி. ஒருத்தி கையைப் பிடிச்சுக்கொண்டு அழுறாள், தனக்கும் ஒண்டிருக்காம். நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாறனெண்டு சொல்லிப்போட்டன்.” திரேசம்மா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். “உன்ரை வாயை மூடப் பாத்தன். நீ என்ரை சொல்லைக் கேட்டிருந்தா நான்தானே உன்னைக் கொண்டிருப்பன்.”

திங்கள் விடியலில் தாதிப்பெண் வந்து நகைகளைக் கழற்றச் சொன்னாள். லூர்த்தம்மா தோட்டைக் கழற்றினாள். பிறகு தாலிக்கொடியில் கை வைத்தாள். சூசைப்பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். புருஷன் உயிரோடு இருக்கையில் தாலி கழுத்தை விட்டு இறங்குவதா என்று திரேசம்மா வாயைப் பொத்தினாள். லூர்த்தம்மா அதைக் கழற்றிச் சூசைப்பிள்ளையின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடித்துவிட்டாள்.

“கவனமா வைச்சிருங்கோ. வந்தாப்போலை இன்னொருக்காக் கட்டிவிடுங்கோ. ஒரே வீட்டிலை ரெண்டு கலியாணம், செலவில்லை.”

அழுதுகொண்டிருந்த றோஸ் சிரித்துவிட்டாள். அந்த ஊமை மனிசனும் சிரித்தார்.

தள்ளுவண்டி நகரத் தொடங்கியது. லூர்த்தம்மா தலையைத் தூக்கி, வழி நெடுகக் கட்டில்களில் இருந்த பெண்களைப் பார்த்தாள். சந்தையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டதோ என்னவோ, அதே குரல் வெளிக்கிட்டது.

“பிள்ளையள், வருத்தம் வாறது வெக்கமில்லை! அதை ஒளிச்சு வைச்சு வளரவிடுறதுதான் பிழை! ஒரு கட்டி தட்டுப்பட்டா நோகேல்லை எண்டு இருந்திடாதேங்கோ, உடனை வந்து காட்டுங்கோ!”

தாதிப்பெண் பதறிப்போனாள். “அம்மா, மெள்ளக் கதையுங்கோ. இது ஆஸ்பத்திரி.”

“மெள்ளக் கதைச்சுக் கதைச்சுத்தானே பிள்ளை, பிலோமினம்மான்ரை அக்கா செத்தவ” என்றாள் லூர்த்தம்மா. “இனிச் சத்தமாத்தான் கதைக்கவேணும்.”